திருத்துவதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணத்தார் வாயில் 'திருத்துதல்' என்னுஞ் சொல்லுக்கு ஓய்வே இல்லை. மாணாக்கன் எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருத்துகிறார். பழுதான சைக்கிளைக் கடைக்காரர் திருத்துகிறார். வழிதவறிய பிள்ளையைத் தாய்மாமன் திருத்துகிறார். மூன்றிடத்தும் பொருள் ஒன்றே: உள்ளதை வைத்துக்கொண்டு கோணலை மட்டும் நீக்குதல். முப்பதாண்டு காலமாகச் சிவப்பு மையோடு காலங் கழித்தவன் நான். கட்டுரையில் ஐந்து பிழை இருந்தால் கட்டுரையையே கிழித்தெறிவதில்லை. அப்படியிருக்க, இக்காலத்துக் கருவிகளை விற்போர், திருத்துதல் என்ற சொல்லையே தம் அகராதியினின்றும் அகற்றிவிட்டமை எனக்கு உவப்பாக இல்லை.

இவ்வெண்ணத்தைக் கிளறியது கனடாவிலிருந்து வந்த ஒரு கடிதம். ரொறன்ரோ நகருக்கு அணித்தே என் தங்கையின் மகன் வாகனங் கழுவும் நிலையமொன்று நடத்துகிறான். அங்கே வேலையாள் இல்லை. வருவோர் தாமே பணஞ் செலுத்தி, தாமே நீர்க்குழலைப் பிடித்துக் கழுவிக்கொண்டு போவர். முன்பெல்லாம் நாணயப் பெட்டி போதியதாயிருந்தது. 1987இல் ஒரு டொலர் நாணயமும் 1996இல் இரு டொலர் நாணயமும் அந்நாட்டில் வந்தது இத்தகைய பெட்டிகளுக்குப் பெருவாய்ப்பாயிற்று. இப்போது எல்லோரும் கடனட்டையையே நீட்டுகின்றனர். அட்டையைப் படிக்குங் கருவிகளோ ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன. "மாமா, திருத்துவதா, புதிது வாங்குவதா?" என்று கேட்டிருந்தான். இலக்கணம் படித்தவனிடம் இதைக் கேட்பானேன் என்று வாசகர் நகைக்கலாம். தீவில் பிறந்தவனிடம் கேட்டான் என்று கொள்ளுங்கள்.

ஏனெனில் நோய்க்குக் காரணம் உப்பு. கனடாவில் மாரிகாலத்திற் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்பு வண்டியின் அடியிற் படிகிறது. அதைக் கழுவவே மக்கள் அந்நிலையத்தை நாடுகின்றனர். கழுவும்போது தெறிக்கும் உப்புநீர் அட்டை செருகும் வாய்க்குட் புகுகிறது. நமக்கு அந்த உப்பைத் தூவ ஆள் வேண்டியதில்லை. சோளகக் காற்று ஒரு புறமும் வாடைக் காற்று மறுபுறமுமாக அதனைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஊர்காவற்றுறையில் யன்னற் கொளுக்கியும் நெடுந்தீவிற் சைக்கிட் சங்கிலியும் படும் பாட்டை நாம் அறிவோம். அட்டைக் கருவியின் செப்புக் கம்பி மட்டும் விதிவிலக்காகுமா?

கருவியின் உள்ளமைப்பு அத்துணை மறைபொருளன்று. அட்டையின் முதுகிலுள்ள கரிய காந்தப் பட்டையைப் படிக்க ஒரு சிறு காந்தத் தலை. முகத்திலுள்ள பொன்னிறச் சில்லைத் தொட மெல்லிய வில்தகடுகள் சில. தலை தேயும், தகட்டின் பொற்பூச்சு அகன்றால் கீழுள்ள உலோகத்தை உப்பு அரிக்கும். கழுவும் நிலையத்திலோ இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்டை ஏற்கப்பட்டதும் பல கருவிகள் நேரங்காட்டிக்கு மின்துடிப்புகளை அனுப்புகின்றன. நாணயம் விழுந்ததென்றே நேரங்காட்டி நம்பி நீரைத் திறந்துவிடுகிறது. எனவே அட்டைக் கருவி கெட்டதென்று தோன்றுமிடத்துக் கெட்டது அந்த இணைப்புக் கம்பியாக இருக்கலாம். தொலைத்தொடர்புச் சமிக்கையாகவும் இருக்கலாம். முதலில் மின்சாரம், பின்னர் கம்பி, பின்னர் சமிக்கை, அதன் பின்னரே வாய். இவ்வொழுங்கில் ஆராயாமல் புதுக்கருவி வாங்குபவன், தலையிடிக்குத் தலையை மாற்ற முனைபவனாவான். வாயில் அழுக்கெனில், ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துப்புரவு அட்டையொன்றை உள்ளே செலுத்தி எடுத்தாற் பெரும்பாலும் போதும். மூடியின் இறப்பர் விளிம்பு வெடித்திருந்தால் அதை மாற்றுதல் சில்லறைச் செலவு.

இதுவரை திருத்தலாம். அதற்கப்பால் ஒரு பூட்டு இருக்கிறது. இரகசிய எண் அழுத்தும் கருவிகளின் உள்ளே மறைக்குறிச் சாவிகள் நினைவகத்திற் கிடக்கின்றன. மின்சாரம் அற்றாலும் ஒரு சிறு மின்கலம் அவற்றைக் காக்கிறது. எவரேனும் பெட்டியைத் திறந்தால் அக்கணமே சாவிகள் அழிந்துவிடும். கள்வனுக்காகச் செய்த ஏற்பாடு இது. அதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் திறப்பவன் கள்வனா, கைதேர்ந்த தொழிலாளனா என்று பெட்டிக்குத் தெரியாது. மின்கலம் முதுமையால் ஓய்ந்தாலும் அதே முடிவுதான். நல்ல நிலையிலுள்ள கருவி ஒரு நாளிற் பிணமாகிவிடும். மீண்டும் உயிர்பெறச் சாவிகளை ஏற்றவேண்டும். அதற்குரிய அதிகாரமும் பாதுகாப்பான இடமும் வேண்டும். இங்கே உரிமை வேறு, காவல் வேறு என்று பிரித்து நோக்கவேண்டும். பூட்டைத் திறக்கும் உரிமையை ஊர்த் தொழிலாளனுக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. பூட்டுக்கு வெளியே உள்ள வாய், தலை, இறப்பர், கம்பி ஆகியவற்றை அவனுக்கு விற்க ஏன் மறுக்கவேண்டும் என்றே கேட்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைபற்றி ஒரு சட்டம் இயற்றியது. வீட்டுச் சலவை இயந்திரம், கைத்தொலைபேசி முதலியன அதனுள் அடங்கின. அட்டைக் கருவி அடங்கவில்லை.

மாற்றவே வேண்டிய காலமும் உண்டு என்பதை மறுப்பது பிடிவாதம். காந்தப் பட்டையை மாத்திரம் படிக்குங் கருவிக்கு இனி எதிர்காலமில்லை. 2033ஆம் ஆண்டளவிற் காந்தப் பட்டையுள்ள அட்டையே இராது என்று மாஸ்டர்கார்ட் நிறுவனம் 2021இல் அறிவித்துவிட்டது. ஆயினும் மாற்றுதல் வாயாற் சொல்வதுபோல் இலகுவன்று. அமெரிக்காவில் வெளிப்புற எரிபொருட் பம்பிகளைச் சில்லட்டைக்கு மாற்ற 2017 ஒக்டோபர் எனக் குறித்த தவணை, பின்னர் 2020 எனவும் அதன்பின் 2021 ஏப்ரல் எனவும் தள்ளிப்போயிற்று. செல்வம் மிக்க அந்நாடே வெயிலிலும் மழையிலும் நிற்கும் கருவியை மாற்றத் தடுமாறியதென்றால், கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அப்பாலும் அதற்குமேல் ஒரு கடலுக்கப்பாலும் இருக்கும் நமது நிலையை எண்ணிப்பாருங்கள்.

மாற்றுவதாயின் எதனால் மாற்றுவது? வாயே இல்லாத கருவியால் என்பது என் விடை. அட்டையை மேலே காட்டினாற் போதுமென்ற தொடாமுறைக் கருவியில் உப்பு நுழைய அந்தப் பிளவில்லை. இன்னும் எளியது கியூஆர் குறியீடு. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது, தாளில் அச்சிட்ட அக்குறியீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு நாமெல்லோரும் வரிசையில் நின்றோமன்றோ? தாளுக்குத் துருவேறாது. லங்காகியூஆர் முறையிற் படிக்குங் கருவி கடைக்காரரிடம் இல்லை, வாங்குபவர் சட்டைப்பையில் இருக்கிறது. கெட்டால் யாழ் நகரிற் கைத்தொலைபேசி திருத்துங் கடைக்கு எடுத்துச்செல்லலாம். ஆனால் கைத்தொலைபேசியில்லாத முதியோரை மறந்துவிடலாகாது. ஒட்டிய குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டிக் காசை வேறிடந் திருப்பும் கள்ளரும் உலகில் உளர். ஆகவே காசு வாங்கும் வழியை முற்றாக அடைப்பது தீவுகளுக்குத் தகாது. மருமகனுக்கும் அதையே எழுதினேன்: எல்லாத் தொட்டிகளிலும் வாயில்லாக் கருவி வை, இரண்டில் மட்டும் நாணயப் பெட்டியை எடுத்துவிடாதே.

திருத்தித் திருத்தி வாழ்தல் தீவாருக்குப் புதிதன்று. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகை எண்ணுக. அப்பெயரைச் சொன்னதும் 1985 மே மாதத்துக் கொடுமை நெஞ்சில் எழும். அது இக்கட்டுரையில் அடங்குவதன்று. அதன் பின்னரும் அப்படகைச் செப்பனிட்டு ஓடவிட்டனர் நம்மவர். புதுப்படகு வருமட்டும் கரையிற் குந்தியிருக்கவில்லை.

அட்டைக் கருவியின் கேடு அற்பமென எண்ணுவோருக்கு ஒன்று சொல்வேன். ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் காலைப் படகேறி, பஸ் மாறி, ஓரிடத்துப் பணப்பொறியின் முன் நின்றதை நான் கண்டதுண்டு. இடத்தின் பெயர் வேண்டாம். அட்டையை மும்முறை செருகினார். மும்முறையும் அது திரும்பி வந்தது. பிற்பகற் படகைத் தவறவிடக் கூடாதென்று வெறுங்கையோடு திரும்பினார். மருந்துக்கென வந்த காசு அட்டைக்குள்ளேயே இருந்தது.

எனவே தீவுப்பகுதியில் இத்தகைய பொறி நிறுவுவோர் கொள்வனவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். ஐ.பி. 65 என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்வது போதாது. அவ்வெண் தூசியும் பீச்சும் நீரும் புகா என்பதையே சொல்கிறது. உப்புப் புகாரைத் தாங்குமோ என்பது வேறு சோதனை. அச்சோதனையின் சான்றைக் கேட்கவேண்டும். மாற்றுக் கருவியொன்று கொழும்பிலன்றி யாழ் நகரிலேயே ஆயத்தமாக இருக்கவேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டுமென்பர், உண்மையே. பணம் வேண்டாத ஒன்றும் உண்டு. பொறி கெட்ட அன்றே நெடுந்தீவு மாவலி இறங்குதுறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, அங்கே ஒரு பலகையிற் சுண்ணக்கட்டியால் எழுதிவைக்கச் செய்யலாம். படகேறுமுன் அம்முதியவர் அதனை வாசித்துக்கொள்வார்.