முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய நம் முன்னோர் ஒரு நுட்பத்தை அறிந்திருந்தனர். மூட்டைகள் பின்புறம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்புறம் மிகுந்தால் மாடு சுமை தாளாது சோரும். எனவே முன்பாரம் சிறிதே மேலோங்குமாறு அடுக்கினர். காரின் பின்னே சிறிய இழுவைப் பெட்டியைப் பூட்டிச் செல்வோர் முதலிற் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

இத்தகைய பெட்டிகளை வாடகைக்கு விடும் தொழில், அமெரிக்காவில் 1945ஆம் ஆண்டு ஷோன் தம்பதியர் தொடங்கிய 'யூ-ஹால்' நிறுவனத்தால் பெரிதும் பரவியது. இன்று கனடாவில் வாழும் நம்மவரும் வீடு மாறும்போது இவற்றை நாடுகின்றனர். நம் தோட்டங்களிலோ கொழுந்து சுமக்கும் ட்ரக்டர்ப் பெட்டிகளைக் காண்கிறோம். இழுக்கும் வண்டி வேறாயினும் இயற்கை விதி ஒன்றே.

பெட்டியும் சுமையும் சேர்ந்து 400 கிலோ என்று கொள்வோம். அதில் 40 முதல் 60 கிலோ வரை காரின் கொளுவியை அழுத்தவேண்டும். சுமையில் நூற்றுக்கு 60 பங்கை அச்சுக்கு முன்னே வைத்தால் ஏறக்குறைய இந்நிலை வாய்க்கும். பின்பாரம் மிகுந்தால் காரின் பின்பகுதி மேலே தூக்கப்படும். பின்சக்கரங்கள் வீதியைப் பற்றும் வலிமை குறையும். வேகம் கூடக்கூடப் பெட்டி இருபுறமும் ஆடிக் காரையே அலைக்கழிக்கும். அவ்வேளை பிறேக்கைச் சட்டென்று மிதித்தலும் சுக்கானை இங்குமங்கும் வெட்டுதலும் ஆபத்தானவை. சுக்கானை நேராகப் பிடித்து, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தலே தக்கது.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு வரும் பாதையை அறிந்தோர்க்கு வளைவுகளின் இயல்பை விளக்கவேண்டியதில்லை. மலைப்பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத்தக்கது. சிறிய பெட்டிகள் பலவற்றுக்குத் தனிப் பிறேக் இல்லை. ஆதலால் இரண்டின் பாரத்தையும் காரின் பிறேக்குகளே தடுக்கவேண்டும். இடைவிடாது மிதித்தால் அவை சூடேறி வலுவிழக்கும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைத் தடுக்குமாறு செய்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மாணவர் பௌதிக வகுப்பிற் கற்றிருப்பர். வளைவில் பெட்டியின் சக்கரங்கள் காரின் சக்கரங்களைவிட உட்புறமாகச் செல்லும். கானும் கற்கட்டும் நெருங்கும் இடங்களில் சற்று அகலமாகத் திருப்புக.

புறப்படுமுன் கொளுவியின் பூட்டு, ரயர்க் காற்று, பின்விளக்குகள் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொளுவியின் கீழே குறுக்காக இட்டால், பூட்டுக் கழன்றாலும் பெட்டியின் முனை நிலத்திற் குத்தாது தாங்கப்படும். சிறிது தூரம் சென்றபின் நிறுத்தி, கட்டிய கயிறுகள் தளர்ந்துள்ளனவா என்று மீண்டும் பார்ப்பது நன்று.

இறுதியாக ஒன்று. பெட்டி பொருளுக்கே உரியது, மனிதருக்கன்று. மலையகத்தில் ட்ரக்டர்ப் பெட்டிகளில் தொழிலாளரை ஏற்றிச் செல்வதும், அவை கவிழ்ந்து உயிர்கள் மாய்வதும் செய்தித்தாள்களில் நாம் மீண்டும் மீண்டும் படித்த துயரங்கள். பெட்டியில் இருக்கையும் இல்லை. பற்றிக்கொள்ள வாரும் இல்லை. மனிதர் மூட்டைகளைப்போல் வைத்த இடத்தில் இருப்பவருமல்லர்; வளைவில் எல்லோரும் ஒருபுறம் சரிந்தால் பாரத்தின் நிலை கணத்தில் மாறிவிடும். 'கிட்டத்தானே' என்று பிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோரும், தாமே தாவி ஏறும் மாணவரும் இதனை மனத்திற் கொள்வாராக. நடந்து போனால் சிறிது நேரம் செல்லும், இழப்பு அவ்வளவே.