நிமிடக் கணக்கும் நாள் கணக்கும்

கோவையிலும் சேலத்திலும் வார்ப்புப் பாகங்களையும் இயந்திர உதிரிகளையும் ஏற்றிக்கொண்டு சென்னைப் புறநகர் ஆலைகளுக்குப் புறப்படும் லாரிகளில் பல, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகவே செல்கின்றன. கல்வராயன் மலைத்தொடருக்குத் தெற்கே நீளும் அந்த நெடுஞ்சாலையை, ஒருவகையில், கார் ஆலைகளின் கிடங்கு என்றே சொல்லலாம். முன்பு ஆலை வளாகத்துக்குள் நாள்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த பாகங்கள் இப்போது சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார் உற்பத்திக்கான சரக்குப் போக்குவரத்தில் கணினிமயமும் தானியக்கமும் ஏற்படுத்தியிருக்கும் பெரிய மாற்றம் இதுதான். இதன் ஆதாயம் யாரைச் சேர்கிறது, சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் 'சான்ட்ரோ' கார் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், ஒரு லாரி எப்போது வந்து சேரும் என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. மாநில எல்லைச் சோதனைச்சாவடிகளில் காத்திருப்பு, கையால் எழுதப்பட்ட ரசீதுகள், சுங்கச்சாவடியில் சில்லறைத் தேடல் என்று ஒவ்வொன்றும் நேரத்தை விழுங்கின. தட்டுப்பாட்டுக்கு அஞ்சி இருப்பை அதிகமாக வைத்துக்கொள்வதே அன்றைய அறிவுடைமை. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி அமலுக்கு வந்ததும் எல்லை வரிச் சாவடிகள் மறைந்தன. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மின்வழிச் சீட்டும், 2020 அக்டோபரில் பெருநிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியலும், 2021 பிப்ரவரியில் 'ஃபாஸ்டேக்' கட்டாயமும் வந்தன. சரக்கு கிளம்பிய நொடியிலிருந்து அதன் தடம் கணினித் திரையில் தெரியத் தொடங்கியது.

ஆலைக்குள் நிகழ்ந்த மாற்றம் இன்னும் ஆழமானது. ஒரு காரில், திருகாணிகள் வரை கணக்கிட்டால், ஏறத்தாழ 30,000 பாகங்கள் உள்ளன. வண்ணப்பூச்சுப் பிரிவிலிருந்து ஒரு காரின் உடற்கூடு வெளியேறும்போதே, அதற்கு எந்த நிறத்தில், எந்த வகையில் இருக்கை வேண்டும் என்ற தகவல் இருக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்குச் சென்றுவிடுகிறது. கார்கள் வரிசையில் வரும் அதே ஒழுங்கில் இருக்கைகளும் லாரியில் அடுக்கப்பட்டு வந்து சேர்கின்றன. புறப்படும் முன்பே சரக்கு விவரம் ஆலையின் கணினிக்கு அனுப்பப்படுகிறது. எந்த வாயிலில் எத்தனை மணிக்கு இறக்க வேண்டும் என்று நேரம் ஒதுக்கப்படுகிறது. வாயிலில் பட்டைக்குறியீட்டைப் படித்ததும் வரவு பதிவாகிறது. அங்கிருந்து பொருத்தும் இடம்வரை ஓட்டுநரில்லாத தானியங்கி வண்டிகள் பெட்டிகளை இழுத்துச் செல்கின்றன.

இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. முடங்கிக் கிடந்த முதல் விடுபட்டிருக்கிறது. தவறான பாகம் பொருத்தப்படுவது குறைந்திருக்கிறது. முதுகொடியப் பெட்டி சுமக்கும் வேலை இயந்திரத்துக்குப் போயிருக்கிறது. உருவாகி முடிந்த கார்களை ரயிலில் அனுப்புவதும் பெருகியிருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில் இருந்த ரயில்வேயின் பங்கு, இன்று ஏறத்தாழ நான்கில் ஒன்றாக உயர்ந்துள்ளது.

ஆனால், இருப்பு வைப்பதற்கான செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பாகம் சில நிமிடங்கள் தாமதமானாலும் உற்பத்தி வரிசை நின்றுவிடக்கூடும் என்பதால், அந்த இழப்புக்கு அஞ்சும் சிறு உற்பத்தியாளர் ஆலையின் அருகிலேயே வாடகைக்குக் கிடங்கு எடுக்கிறார். ஆலை சுமந்த இருப்பை இப்போது அவர் சுமக்கிறார், அதுவும் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டு. நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட லாரி, தனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்துக்காகச் சாலையோரம் காத்துக் கிடக்கிறது. அந்தக் காத்திருப்புக்குக் கூலி உண்டா என்பது, ஓட்டுநரின் பேரம் பேசும் வலிமையைப் பொருத்தது.

மின்வழிச் சீட்டு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காலாவதியாகிறது. வழியில் வண்டி பழுதானால், காலாவதிக்கு முன்னும் பின்னுமான எட்டு மணி நேரத்துக்குள் அதை நீட்டிக்க வேண்டும்; தவறினால் அபராதம். ஆக, நேரம் தவறினால் என்ன நேரும் என்பதை எல்லாத் திசையிலிருந்தும் ஓட்டுநருக்குக் கணினி நினைவூட்டுகிறது. அவர் உறங்கினாரா என்பதை மட்டும் எந்தத் திரையும் கேட்பதில்லை. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஐந்து பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களே மிகுந்த நம் நாட்டில், இந்த விலக்கின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

கணினி வகுக்கும் நேரத்துக்கும் சாலையின் உண்மைக்கும் உள்ள இடைவெளியைக் கள்ளக்குறிச்சி நன்கு அறியும். சுமார் 136 கி.மீ. நீளமுள்ள சேலம்-உளுந்தூர்பேட்டைச் சாலை நான்குவழியாக்கப்பட்டபோதும், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களின் புறவழிச்சாலைகள் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டிருந்தன. அகன்ற சாலையில் விரைந்து வரும் வாகனங்கள் திடீரெனக் குறுகும் இடங்களில் விபத்துகள் தொடர்கதையாயின. 2024 டிசம்பர் தொடக்கத்தில், 'ஃபெஞ்சல்' புயல் மழையாலும் சாத்தனூர் அணையின் நீர்த்திறப்பாலும் தென்பெண்ணை பெருக்கெடுத்து, அரசூர் அருகே சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. லாரி நிற்குமிடத்தைத் துல்லியமாகக் காட்டும் செயற்கைக்கோளால் அதை ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை.

மென்பொருளே முடங்கினால் என்னவாகும் என்பதற்கும் அண்மைச் சான்றுகள் உண்டு. 2022 மார்ச் 1-ஆம் தேதி, பிளாஸ்டிக் பாகங்கள் வழங்கும் கோஜிமா என்ற ஒரே நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டதால், ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. 2023 ஆகஸ்டில் அதே ஆலைகள் மீண்டும் நின்றதற்குத் தாக்குதல் எதுவும் காரணமல்ல. பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் கணினியில் சேமிப்பிடம் தீர்ந்துபோனதே காரணம். 2025 செப்டம்பரில், டாடா குழுமத்தின் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் இணையத் தாக்குதலால் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் உற்பத்தியை நிறுத்தியது. பிரிட்டனில் இதனால் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000-க்கும் மேல் என்றும், இழப்பு 190 கோடி பவுண்டு என்றும் அந்நாட்டின் இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. பெருநிறுவனத்துக்கு அரசின் கடன் உத்தரவாதம் கிடைத்தது. அதற்குப் பாகம் வழங்கிய சிறு பட்டறைகள் பல, வார இறுதியில் கூலி கொடுக்க வழியின்றித் தவித்தன. அதே குழுமம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ரூ.9,000 கோடியில் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியிருக்கும் நிலையில், இந்தப் பாடம் நமக்கு வெகு தொலைவில் இல்லை.

2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இந்த வலைப்பின்னலில் இதுவரை கிடைத்த இடம், வழிப்பாதை என்பது மட்டுமே. லாரிகள் கடந்து செல்கின்றன. சுங்கக் கட்டணம் தானாகக் கழிகிறது. மதிப்பு வேறெங்கோ சேர்கிறது. கரும்பையும் மரவள்ளியையும் நம்பிய மாவட்டத்தின் இளைஞர்கள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் பெட்டி நகர்த்தும் வேலைக்குச் செல்கிறார்கள். தானியங்கி வண்டிகள் முதலில் பறிக்கவிருப்பது அந்த வேலையைத்தான். 2024 கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம் போன்ற அடிப்படைகளே அங்கு பேசுபொருளாக இருக்கும்போது, தடையற்ற இணையத்தை முன்நிபந்தனையாகக் கொண்ட ஒரு பொருளாதாரத்தில் அம்மக்கள் எந்த வாசல் வழியாக நுழைவார்கள்?

நம்பிக்கை தரும் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. உளுந்தூர்பேட்டையில் ரூ.2,302 கோடி முதலீட்டில், 20,000 பேருக்கு வேலையளிக்கும் காலணி ஆலைக்காகத் தைவானின் பௌ சென் குழுமத்துடன் 2023-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏற்றுமதிக்கான காலணித் தொழிலும் நேரக் கட்டுப்பாட்டில் கார் தொழிலுக்குச் சளைத்ததல்ல. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ.2,877 கோடியில் மேம்படுத்தும் திட்டத்தைத் தமிழக அரசு மேற்கொண்டது. அந்தப் பயிற்சியில், தானியங்கி வண்டிகளைப் பழுதுபார்ப்பதும் கிடங்கு மென்பொருளைக் கையாள்வதும் மலைக்கிராம மாணவர்கள் வரை சென்றடைய வேண்டும். பெட்டி தள்ளியவரின் பிள்ளை அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவராக உயர்ந்தால்தான் தானியக்கம் அந்தக் குடும்பத்துக்கு முன்னேற்றமாகும்.

சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கருவியையும் அரசு கையிலெடுக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அவ்வாறு தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் முதல் விதி உள்ளது. சரக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் முன்பு தகராறு எழலாம்; இன்றோ ஆலை வாயிலின் கணினியில் மணி, நிமிடம் வரை பதிவு இருக்கிறது. அந்தப் பதிவின் நகல் தானாகவே சிறு உற்பத்தியாளருக்கும், கடன் தரும் வங்கிக்கும் செல்லும்படி விதி வகுத்தால், 45 நாள் கணக்கை எவரும் மறுக்க இயலாது. அதே பதிவைக்கொண்டே, குறித்த நேரத்துக்குமேல் வாயிலில் நிற்கும் லாரிக்குக் காத்திருப்புக் கட்டணத்தையும் கட்டாயமாக்கலாம்.

தாமதத்துக்கு அபராதம் விதிப்பதற்காக நிமிடங்களை எண்ணும் கணினிக்கு, கொடுக்க வேண்டிய பணத்துக்காக நாள்களை எண்ணுவது கடினமான வேலையல்ல. எண்ணச் சொல்வது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆலைகள் தமக்காக எண்ணச் சொல்லிவிட்டன. சிறு பட்டறைக்காகவும் லாரி ஓட்டுநருக்காகவும் எண்ணச் சொல்ல வேண்டியது அரசின் கடமை.