மாத்திரை வயலுக்கு வரட்டும்

2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் வந்தது. 200 பேரளவில் இறந்தார்கள். மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. பல்லேகம பக்கத்து வயல்காரருக்கு இது பழைய கதை இல்லை. சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால், காலில் ஒரு சின்னக் கீறல் போதும். சிறுநீரகம் வரை பாதிக்கும்.

தடுக்க மருந்து இருக்கு: டொக்சிசைக்ளின். வயலில் இறங்குமுன் தொடங்கி வாரம் ஒருமுறை எடுக்கணும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசம்தான். ஆனா ஒரு நாள் கூலியை விட்டுட்டு யார் போய் எடுப்பாங்க? ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லித் தப்புவது சுலபம்.

விதைப்புக்கும் தண்ணீர் திறப்புக்கும் நாள் குறிக்க, போகத்துக்கு முன்னால் விவசாயிகள் கூட்டம் நடக்குதே! பிஎச்ஐயும் மாத்திரையோடு அங்கே வரட்டும். அதுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சுகாதாரத்துறையும் விவசாயத்துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால், வர்ற பெரும்போகத்துக்கே தொடங்கலாம்.