பழைய மாளிகையில் ஒரு பங்கு

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டைக் கட்டாது விலைக்கு வாங்குவோர்க்கு அவர் யாதொரு மொழியும் சொல்லிவைத்திலர். ஒரு மாளிகையில் ஒரு தளத்தையும், அத்தளத்தில் ஒரு மூலையையும் மாத்திரம் வாங்கும் வழக்கம் அவர் காலத்தில் இல்லாமையே அதற்குக் காரணமாகும். இக்காலத்திலோ முட்டம், குளச்சல், நாகர்கோவில் முதலிய நம் ஊர்களினின்றும் புறப்பட்ட இளைஞர் பலர் சென்னை, பம்பாய், சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் உத்தியோகம் ஏற்று, அங்கேயே பிளாட் என வழங்கும் அடுக்குக் குடியிருப்புகளை வாங்குகின்றனர். அவருள் சிலர்க்குப் புதுக் கட்டடங்களில் மனஞ் செல்வதில்லை. உயர்ந்த மேற்கூரையும், அகன்ற படிக்கட்டும், தேக்குமரக் கதவும், காற்றோடும் தாழ்வாரமும் வாய்ந்த பழைய மாளிகைகளையே அவர் நாடுகின்றனர். அவ்விருப்பம் தகுமா, தகுமெனின் எந்நிபந்தனைகளுடன் தகும் என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

எமது துணிபை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். பழைய மாளிகையில் ஒரு குடியிருப்பை வாங்குவோன் சுவர்களை வாங்குகின்றானல்லன்; பாகம் பிரியாத ஒரு பெருங்குடும்பத்தில் புதிய அங்கத்தினனாகச் சேருகின்றான். அக்குடும்பத்தில் சேர மனமுடையவன் தாராளமாக வாங்கலாம். தன் கதவுக்கு உட்பட்டதே தன் வீடு என்று எண்ணுபவன் அம்மாளிகையின் வாசலை மிதியாதிருத்தலே நன்று.

பாகம் பிரியாத சொத்து என்பது நாஞ்சில் நாட்டார்க்குப் புதிய சங்கதியன்று. இந்நாட்டு வேளாளர் நெடுங்காலம் மருமக்கள்வழியைப் பின்பற்றி வந்தனர். காரணவர் கையில் நிர்வாகமும், அனந்தரவர் மனத்தில் ஐயமும், இருவர்க்கும் இடையே ஓயாத வழக்குமாகக் குடும்பங்கள் நைந்த வரலாற்றைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் நகைச்சுவை ததும்ப நூலாக்கி வைத்துள்ளார்கள். 1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கம் இயற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அம்முறைக்கு முடிவு தேடிற்று. பாகப்பிரிவினை கிடைத்ததென்று நம் பாட்டன்மார் பெருமூச்சு விட்டனர். நூறாண்டு கழிந்த இந்நாளில் அவர்தம் பேரர் நகரத்திற் சென்று, தம் கையிருப்பெல்லாம் செலவிட்டு, முன்பின் அறியாதாரோடு மீண்டும் பிரிபடாத பாகத்தில் கையொப்பம் இடுகின்றனர். இது விநோதமன்றோ?

பிரிபடாத பாகம் என்னும் சொல் எமது கற்பனையன்று. நகரத்துக் கிரயப் பத்திரங்களிற் காணும் சொல்லேயாம். குடியிருப்பு ஒருவனுக்குத் தனியே உரியது. அது நிற்கும் மனையோ எல்லார்க்கும் பிரிபடாத பாகமாக உரியது. மேற்கூரை, படிக்கட்டு, கிணறு, சாக்கடை, வெளிச்சுவர் யாவும் பொது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அடுக்குக் குடியிருப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுரிமைகளை வரையறுக்கின்றன. இலங்கையிலும் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. பம்பாயிலோ பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கமே மனைக்கும் கட்டடத்துக்கும் உடையது. வாங்குவோன் அச்சங்கத்தின் பங்குகளையும், அவற்றின் வழியாய்க் குடியிருக்கும் உரிமையையும் பெறுகின்றான். சிங்கப்பூரில் அரசாங்க வீடமைப்புக் கழகம் விற்கும் வீடுகள் 99 வருஷக் குத்தகைக்கு உட்பட்டவை. ஆதலின், வாங்கினேன் என்னும் சொல் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பொருள் தருவதாம்.

பம்பாய் நகரத்துப் பழைய கட்டடங்களில் இன்னுமொரு வழக்கம் உண்டு. அதற்குப் பகடி என்று பெயர். 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் மாதத்து அளவிலேயே நிறுத்திற்று. வாடகை உயராமையால் உடையவர் பெருந்தொகையொன்றை முன்னதாகப் பெற்றுக்கொண்டு குடியிருப்பைக் கொடுப்பாராயினர். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகை வாங்குதலை ஒப்புக்கொண்டது. ஆயினும், பகடி கொடுத்தவன் குடியிருப்போனே ஆவானன்றி உடையவன் ஆகான். நம் ஊரில் இருந்து செல்லும் ஓர் இளைஞன் மலிவான விலையென்று மகிழ்ந்து பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், தான் பெறுவது கிரயமா, பங்கா, குத்தகையா, பகடியா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.

நிற்க, இப்பொதுவுடைமை புதுக் கட்டடத்துக்கும் உரியதாயிருக்க, பழைய கட்டடத்தைத் தனியே எடுத்துப் பேசுவானேன் எனின், கூறுதும். புதுக் கட்டடம் சில ஆண்டுகள் பங்காளிகளின் அசட்டையைப் பொறுக்கும். பழைய கட்டடம் ஒரு மழைக்காலமும் பொறாது. சென்னையிற் பழைய வீடுகளின் மேற்கூரை தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டுத் தட்டோடு பதித்து அமைந்தது. ஓடொன்று பெயர்ந்து நீர் இறங்குமாயின் உத்திரம் உளுக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உண்டு உமிழும் இயல்புடையது. அதன்மேல் சிமிட்டி பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல்லை அரிக்கும். பழுது பார்த்தோம் என்று எண்ணியோர் பழுதை வளர்த்தோராய் முடிவர்.

பம்பாயிற் கடலோரத்தில் 1930ஆம் ஆண்டுகளில் எழுந்த மாளிகைகள் இரும்புக் கம்பியிட்ட காங்கிரீட்டினால் ஆயவை. அவற்றின் பகை உப்புக் காற்று. இதனை முட்டத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடற்கரைப் பாறைகளின்மேல் அலை மோதி எழும் திவலையைக் காற்று ஊருக்குள் கொண்டுவர, ஜன்னற் கம்பிகள் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாய் உதிர்வதை நாம் நாடோறும் காண்கின்றோம். சுவருக்குள் மறைந்த கம்பிக்கும் அக்கதியே நேரும். துருவேறிய இரும்பு முன்னிலும் பருமன் கொண்டு, தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெளியே வர்ணம் புதிதாயிருக்கலாம்; உள்ளே நோய் முற்றியிருக்கலாம். மேல்தளத்தார் குளியலறை நீர் கசியும்போது கீழ்த்தளத்தார் கம்பி துருவேறும். இவருடைய பணம் அவருடைய பழுதுக்குச் செலவாகவேண்டும். இங்கேதான் பங்காளிகளின் குணம் வெளிப்படும்.

இவ்விஷயத்தில் இரண்டு கட்டடங்கள் நமக்கு எதிரெதிரான பாடங்களைப் புகட்டுகின்றன. ஒன்று, நம் ஜில்லாவிலேயே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. மரத்தாலாய அதன் மண்டபங்களும் கண்ணாடிபோல் மின்னும் தரையும் இன்றும் காண்போர் மனத்தைக் கவர்கின்றன. 1956ஆம் ஆண்டில் நம் பிரதேசம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பின்னரும் அதன் பரிபாலனம் கேரள அரசாங்கத்தார் கையிலேயே இருந்து வருகின்றது. நிலம் ஒரு ராஜ்யத்திலும் நிர்வாகம் மற்றொரு ராஜ்யத்திலுமாக இருந்தும், பொறுப்பு இன்னாருடையது என்பது தெளிவாயிருத்தலின் கறையானுக்கும் மழைக்கும் அது தப்பி நிற்கின்றது.

மற்றொன்று, பம்பாயில் 1860ஆம் ஆண்டுகளின் இறுதியில் எழுந்த வாட்சன் ஹோட்டல். வார்ப்பிரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொணர்ந்து பூட்டிய அரிய கட்டடம் அது. 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரரின் சலனப் படங்கள் இந்தியாவில் முதன்முதற் காட்டப்பெற்றது அங்கேதான். பிற்காலத்தில் ஹோட்டல் மூடப்பட்டு, அறைகள் சிறு சிறு கூறுகளாகத் தடுக்கப்பட்டு, பற்பல வாடகைக்காரர் கைக்குப் போயின. எஸ்பிளனேடு மாளிகை என்று பெயரும் மாறிற்று. உடையவர்க்கு வாடகை போதவில்லை. குடியிருப்போர்க்கு உரிமை உறுதியில்லை. எனவே பழுது பார்ப்பார் எவருமிலர். 2005ஆம் ஆண்டில் அதன் மாடப்பகுதி இடிந்து விழுந்து ஓருயிர் மாண்டது. 2019ஆம் ஆண்டில் குடியிருந்தோர் யாவரும் வெளியேற்றப்பட்டனர். அக்கட்டடத்தைக் கெடுத்தது அதன் வயதன்று. பலர் அனுபவிக்க ஒருவரும் பேணாமையே.

இனி, அரசாங்கத்தின் கட்டளைகளையும் நோக்குவோம். பம்பாயில் 1995ஆம் ஆண்டு முதல் புராதனக் கட்டடங்களை வகுப்புவாரியாகப் பட்டியலிட்டுக் காக்கும் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஓவல் மைதானத்தைச் சூழ்ந்த மாளிகைகள் 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய வரிசையில் இடம்பெற்றன. அவற்றுட் பல இன்றும் குடும்பங்கள் வாழும் வீடுகளே. சென்னையில் 1897ஆம் ஆண்டில் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006ஆம் ஆண்டில் இடிக்கத் தொடங்கியபோது, நகரத்தின் பழமையில் அன்புடையோர் வழக்காடித் தடுத்தனர். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாரம்பரியச் சின்னங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கச் சட்டமும் பிறந்தது. சிங்கப்பூரில் 1936ஆம் ஆண்டு முதல் கட்டப்பெற்ற தியோங் பாரு குடியிருப்புகளுள் 20 கட்டடங்கள் 2003ஆம் ஆண்டில் பாதுகாக்கத் தக்கவையென அறிவிக்கப்பட்டன. இத்தகைய கட்டடத்தில் வாங்குவோன் தன் மனம்போல வெளிப்புறத்தை மாற்றவோ, மாடத்தை அடைத்து அறையாக்கவோ இயலாது. ஒரு ஜன்னலுக்கும் அனுமதி வேண்டியிருத்தல் கூடும்.

பட்டியலிற் சேராத பழங்கட்டடத்துக்கோ வேறோர் இடர் உண்டு. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி உடையவருள் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாய்க் கட்டலாம். சிங்கப்பூரில் பத்தாண்டு கடந்த தனியார் அடுக்குமாளிகையை நூற்றுக்கு எண்பது பங்கினர் இசைவால் முழுவதும் விற்றுவிடலாம். ஆகவே, பழமையை விரும்பி வாங்கியவன் தன் அயலார் வாக்கினால் அப்பழமையை இழத்தலும் நேரும். பட்டியலிற் சேர்ந்தால் கைகட்டு. சேராவிடில் வீட்டின் ஆயுளுக்கே ஐயம். இவ்விரண்டையும் அறிந்தே வாங்குதல் வேண்டும்.

இத்துணை இடையூறுகள் இருக்கப் பழைய மாளிகையை ஏன் வாங்கவேண்டும் என்று வினவுவார் உளர். நியாயமான வினாவே. எமது விடை இதுவாகும்: குடியற்ற வீடு விரைவில் மடியும். ஒரு நகரத்தின் பழமை முழுவதையும் காட்சிச் சாலைகளாக்கிக் காக்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது. அடுப்புப் புகைந்து, விளக்கெரிந்து, பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில்தான் ஒழுக்கு அன்றே கண்ணிற் படும், அன்றே அடைபடும். மேலும், நின்றுகொண்டிருக்கும் நல்ல சுவரை இடித்து, அதற்கீடாக மலையை உடைத்தும் ஆற்று மணலை அள்ளியும் புதுச் சுவர் எழுப்புதல் சிக்கனமாகாது. நம் ஜில்லாவின் குன்றுகள் கல்லுக்காகக் குடையப்படுவதைக் கண்டு வருந்தும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.

ஆயினும், இப்பாரத்தைச் சில குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியன்று. மாளிகையின் அழகை வீதியிற் செல்வோர் யாவரும் கண்டு களிக்கின்றனர். அதன் செலவையோ உள்ளே வசிப்போர் மாத்திரம் தாங்குகின்றனர். மாற்றாதே என்று ஆணையிடும் அரசாங்கம், பேணுதற்குரிய பொருளுதவியையும் செய்தல் கடமையாம். பம்பாயில் பாரம்பரியக் கட்டடத்தார் தாம் பயன்படுத்த இயலாத கட்டட உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்க விதியுண்டு. அதனோடு வீட்டு வரியிற் சலுகையும், குறைந்த வட்டிக்குக் கடனும், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்க்கும் தச்சர்க்கும் பயிற்சியும் அளித்தல் வேண்டும். விதி மாத்திரம் தந்து நிதி தாராவிடில், உடையவர் கட்டடம் தானே விழும் நாளை எதிர்நோக்கி வாளாவிருப்பர்.

மாணவ நண்பர்காள், நீவிரும் ஒருநாள் நகரத்தில் வீடு தேடுவீர். அப்போது மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நல்ல வக்கீலிடம் காட்டுவீர்; அஃது எல்லாரும் செய்வதே. அதனோடு நில்லாது, சங்கத்தின் வரவுசெலவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுதுபார்க்கவெனச் சேமித்த தொகை எவ்வளவு, சந்தா நிலுவை வைத்தோர் எத்தனை பேர், கூட்டங்கள் ஒழுங்காய் நடந்தனவா என்று பாருங்கள். சுண்ணாம்பும் மரமும் அறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கோடையிற் பார்த்த வீட்டை மழையிலும் ஒருமுறை பார்த்து மொட்டைமாடிக்கு ஏறுங்கள். விலைக்குமேல் பழுதுக்கென ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். பாங்கிகள் பழங்கட்டடங்களின்மேற் கடன் தரத் தயங்குவதும் உண்டு.

எல்லாவற்றினும் மேலாக, அங்கு வாழ்வோரோடு சற்றே அமர்ந்து பேசுங்கள். நம் கடற்கரையிற் கரைமடி இழுப்போர் ஒரே கயிற்றைப் பலராய்ப் பற்றுவர். ஒருவன் கை நெகிழ்ந்தால் அவன் சுமை மற்றவர் தோளில் ஏறும். ஆதலால் மடியில் சேருமுன் உடன் இழுப்போர் யாவர் என்று ஒவ்வொருவனும் பார்த்துக்கொள்ளுகின்றான். பழைய மாளிகையில் பங்கு வாங்கப் போகும் நம் இளைஞரும் கதவின் வேலைப்பாட்டை வியந்து முடித்தபின், அவ்வாறே உடன் இழுப்போரைப் பார்த்து, தாமும் கை நெகிழாது இழுக்க வல்லமா என்று தம்மையே வினவிக்கொண்டு, அதன்பின் கையொப்பம் இடுவாராக.