குப்பைக்கு எல்லைக்கல் உண்டா?

நகராட்சி வண்டி ஊராட்சி எல்லையில் குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஊராட்சித் தலைவர் முறையிட்டால், நகராட்சி எல்லைக்கல்லைக் காட்டுகிறது. நாற்றம் கல்லைப் பார்த்தா நிற்கும்?

இருவரையும் கூட்டி வைத்துத் திட்டம் தீட்டவே 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவைத் தந்தது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கவேண்டும். தேர்தலே நடத்தாவிட்டால்? தமிழக ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மற்ற ஒன்பதில் 2021 அக்டோபரிலுமே தேர்தல் வந்தது. இடையில் தனி அலுவலர் ஆட்சி! சட்டசபைத் தேர்தல் இனிக்கிறது, உள்ளாட்சி மட்டும் ஏன் கசக்கிறது என்று கேட்கிறோம்.

தோழர்களே, மே தினத்தன்று கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றிய கையோடு அங்கே செல்வோம். குப்பையைப் பற்றித் தீர்மானம் எழுதச் சொல்வோம். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவோம்.