கடைசி முதலையின் கேள்வி



மலேசியாவில், பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு ஆயாக் கொட்டகைதான் முதல் பள்ளிக்கூடம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார்கள், தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். மரம் சீவ முடியாத வயதில் ஓர் ஆயா இருப்பார். அத்தனை பிள்ளைகளையும் சமாளிக்க அவரிடம் இருந்தது கதை ஒன்றுதான். அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இது மான்குட்டி. அம்மாவக் காணோமாம். யாரு போய்த் தேடப்போறீங்க?" என்று மற்றவர்களைக் கேட்பார். நாலு பேர் உடனே கிளம்பிவிடுவார்கள். ஒருவன் யானை, ஒருத்தி மயில். தன்னைச் சுற்றி இத்தனை பேர் அலைவதைப் பார்த்ததுமே மான்குட்டிக்கு அழுகை நின்றுவிடும்.

ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதற்குக் குறைந்த வயதுக்காரர்களின் படிப்பெல்லாம் ஆயாவின் பொறுப்பில்தான் இருந்தது. அந்த வயதில்தான் ஒரு பிள்ளை அடுத்தவருக்கும் வலிக்கும் என்று கண்டுகொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் அதை எவ்வளவு அழகாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும் சிறு பட்டணங்களுக்கும் வந்துவிட்டார்கள். சுங்கை சிப்புட்டில் எல்பில், டோவன்பி என்று தோட்டப் பெயரோடு தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆயாக் கொட்டகை இல்லை. கதைகளுக்குப் பஞ்சமில்லை, கைப்பேசியைத் தொட்டால் நூறு வருகின்றன. ஆனால் கைப்பேசிக் கதை, "யாரு போய்த் தேடப்போறீங்க?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

பள்ளியில் நன்னெறிக் கல்வி 1983 முதல் பாடமாக இருக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அக்கறையோடு நடத்தும் ஆசிரியர்கள் நிறையப் பேர். எனக்குள்ள கவலை, கதை முடிந்ததும் நாம் எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியது: "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" பிள்ளைக்குப் பதில் தெரியும். "எல்லாரிடமும் அன்பாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவனின் வண்ணக்கோலைப் பிடுங்கிக்கொள்ளும். நீதியைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று அது நினைக்கிறது. அப்படி நினைக்கப் பழக்கியது நாம்தான்.

ஈப்போவின் புந்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சாங் கஞ்சில் கதை. ஆற்றைக் கடக்க வேண்டிய சருகுமான், அரசர் விருந்து வைக்கப்போவதாகச் சொல்லி, எண்ணிக்கை எடுக்கும் சாக்கில் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, முதுகின் மேலேயே தாவித் தாவி அக்கரை சேர்ந்துவிடும். தரையில் ஒரு துணியை விரித்தார்கள், அதுதான் ஆறு. ஆறு பிள்ளைகள் குப்புறப் படுத்து முதலையானார்கள். சருகுமான் குதித்துக் கரையேறியது, எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி முதலையாகப் படுத்திருந்த சிறுமி மட்டும் எழுந்திருக்கவே இல்லை. "டீச்சர், எங்களுக்குச் சாப்பாடு எங்க?" என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

அந்த ஆசிரியை செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விளக்கம் எதுவும் சொல்லாமல், சருகுமானாக நடித்த பையனிடம், "உன்னத்தான் கேக்கிறா, என்ன சொல்லப்போறே?" என்றார். அவன் வெகுநேரம் நின்றான். பிறகு பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து ஆறு முதலைக்கும் கொடுத்தான். தலைமுறை தலைமுறையாகச் சருகுமானின் சாமர்த்தியத்துக்கே சிரித்து வந்திருக்கிறோம். ஏமாந்த முதலைக்கும் ஒரு பக்கம் உண்டு என்பது, முதலையாகப் படுத்துப் பார்த்த பிள்ளைக்கே தெரிந்தது.

அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில், விவியன் பேலி என்ற பாலர் பள்ளி ஆசிரியை இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். பிள்ளைகள் சொல்லும் கதைகளை எழுதிக்கொண்டு, அன்றே அவர்களை வைத்து நடிக்கச் செய்வார். ‘நீ விளையாட வரக்கூடாது என்று யாரும் யாரையும் சொல்லக்கூடாது’ என்று தம் வகுப்பில் ஒரு விதியைக் கொண்டுவந்து, அந்த அனுபவத்தை 1992-இல் நூலாக்கினார். விதியை மட்டும் அவர் நம்பவில்லை. தனித்து வாடுபவர்களிடம் பறந்துபோகும் மேக்பை என்ற பறவையின் மாயக்கதையையும் கூடவே சொல்லி வந்தார். நம் ஆயாக்களை அவர் அறிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் அவர்களும் இவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியைகளிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். நடிக்க ஆள் பிரிக்கும்போது கறுத்த பிள்ளையை அரக்கியாகவும் சிவந்த பிள்ளையை இளவரசியாகவும் நிறுத்தாதீர்கள். குண்டாக இருப்பவனுக்கு எப்போதும் பூதம், திக்கிப் பேசுபவனுக்கு எப்போதும் மரம் என்று வைக்காதீர்கள். அன்பைச் சொல்லிக் கொடுக்க எடுத்த கதையே அந்தப் பிள்ளையின் மனத்தைக் காயப்படுத்திவிடும். பல வருடம் ஆறாது. ஒரு கதையை ஒரே நாளில் இரண்டு தடவை நடிக்கவிட்டு, ஆளை மாற்றுங்கள். ஓநாயாக இருந்தவன் ஆட்டுக்குட்டியாகட்டும். பேசக் கூச்சப்படும் பிள்ளை, தானே கேட்டால் ஆறாகவோ காற்றாகவோ இருக்கட்டும், அதுவும் பாத்திரம்தான்.

சோகக் கதைகளை ஒதுக்கிவிட வேண்டாம் என்றும் சொல்வேன். கோயில் திருவிழா இரவுகளில் நல்லதங்காளையும் அரிச்சந்திரனையும் பார்த்து அழுதபடியே தூங்கிப்போன தலைமுறை நாம். ஐந்து வயதுக்கு நல்லதங்காள் அதிகம்தான். ஆனால் தாத்தாவுக்குக் கொட்டாங்கச்சியில் சோறு போட்ட அப்பனின் கதை அந்த வயதுக்குத் தாங்கும். அந்தக் கொட்டாங்கச்சியை, நாளை அப்பனுக்கு வேண்டும் என்று பத்திரமாக எடுத்து வைக்கும் பேரனாக ஒரு பிள்ளை நடிக்கும்போது, வகுப்பே அமைதியாகிவிடுவதைப் பார்க்கலாம். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களும் இதே கதையை மரக்கிண்ணம் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

மேடைக்கென்று எழுதப்பட்டவை வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்துக் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’, மட்டக்களப்புப் பேராசிரியர் மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’, புதுச்சேரி வேலு சரவணனின் ‘கடல் பூதம்’ ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். வீட்டில் செய்ய இவையும் வேண்டாம். ஒரு துண்டு, ஒரு தலையணை, சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும்.

அடுத்த இதழிலிருந்து ஆயாக் கொட்டகைக் கதைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் ஆயாவோ பாட்டியோ சொன்ன கதை எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த வருடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் பேரப்பிள்ளையின் கைப்பேசியில் பேசி அனுப்பினால் போதும், நாங்கள் கேட்டு எழுதிக்கொள்கிறோம். பாதிதான் நினைவிருக்கிறது என்றாலும் தயங்காமல் அனுப்புங்கள். மீதி வேறு ஏதாவதொரு தோட்டத்துக்காரருக்கு நினைவிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்