ஐப்பசியில் அந்த ரோடு கிடையாது!

"இருநூறு மீட்டரில் வலது புறம் திரும்பவும்" என்றாள் அந்தப் பெண்.

எங்கே திரும்புவது? ஜீப்பின் நான்கு சக்கரங்களும் கரிசல் சேற்றில் பாதிக்கு மேல் புதைந்து கிடக்கின்றன. வலது புறம் தண்ணீர். இடது புறமும் தண்ணீர். நடுவில் நானும் என் மச்சினனும், தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி அவன் வாங்கிய செகண்ட் ஹாண்ட் ஜீப்பும். பின் சீட்டில் என் மனைவி, நாலு வயசு மகன், பொங்கல் வைக்க வெண்கலப் பானை, அதைக் கட்டிப் பிடித்தபடி 72 வயசு அம்மா. மணி சாயங்காலம் ஐந்தரை. செல்போனில் பேட்டரி 11 சதவீதம். டவர் சுத்தமாக இல்லை.

செல்போனுக்குள் இருந்த அந்தப் பெண் மட்டும் பதறவே இல்லை. "திரும்பவும்" என்றாள் மறுபடி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடா அவ? திரும்பிப் போங்கன்னு நல்ல புத்திதானே சொல்றா. அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

* * *

விஷயம் இதுதான். மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் முடி இறக்க வேண்டும். எங்கள் குலதெய்வம் அய்யனார். மதுரையிலிருந்து திருமங்கலம் போய், பேரையூர் தாண்டி, கரிசல் காட்டுக்குள் ஒரு கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் கிடையாது, போர்டு கிடையாது. வழி தெரிந்த ஒரே ஆள் எங்கள் அப்பா. வருஷா வருஷம் மாசி மாசம் சிவராத்திரிக்கு எங்களைக் கூட்டிப் போவார். "மூணாவது பனையில சோத்தாங்கைப் பக்கம் திரும்பு... மடையைத் தாண்டுனா அங்கிட்டு ஒரு வேம்பு..." என்று சொல்லிக்கொண்டே வருவார். நாங்கள் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அப்பாதான் இருக்கிறாரே!

மூன்று வருஷம் முன்பு அப்பா போனார். பீரோவில் பாஸ்புக், பட்டா, எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் ரப்பர் பாண்டு போட்டு ஒழுங்காக இருந்தன. வழியை மட்டும் மனுஷர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

"மாமா, எந்தக் காலத்துல இருக்கீங்க? எல்லாம் செல்லுல இருக்கு" என்றான் மச்சினன். இருந்தது. கோயில் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு, ஷார்ட் கட், 14 நிமிஷம். அவனுக்குத் தீபாவளிக்குத்தான் லீவு. அதனால் எங்கள் வம்சத்திலேயே முதல் முறையாக, மாசியை விட்டுவிட்டு ஐப்பசியில் கிளம்பினோம். அதுவும் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த கையோடு.

அரை மணி நேரம் கழித்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கரை மேல் வந்தார். எங்களைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"நாலாவது வண்டி" என்றார். "இந்த மாசத்துல."

"அய்யா, இந்த ரோடு..."

"எது ரோடு? இது கண்மாய் உள்வாய்ல தம்பி! மாசி பங்குனில காஞ்சு கெடக்கும், டிராக்டர் போகும், தடம் விழும். ஐப்பசில ஏது ரோடு?"

செல்போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. எந்த மாசம் பிடிச்சது?"

நான் பி.காம். படித்தவன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஐந்தொகை என்று ஒன்று போடுவோமே, அதன் தலையில் என்ன எழுதுவோம்? 'மார்ச் 31-ம் தேதி உள்ளபடி' என்று. அந்தத் தேதியில் கல்லாவில் பணம் இருந்தது என்றுதான் அர்த்தம். இன்றைக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை. வரைபடமும் ஓர் ஐந்தொகைதான். தேதியைப் பார்க்காமல் நம்பினால் திவால்.

அதிலும் நான் மதுரைக்காரன்! ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று தெருவுக்கே மாசத்தின் பெயரை வைத்த ஊர். (மாசி வீதியில் ஓடுவது சித்திரைத் தேர் என்பது வேறு விஷயம். திருவிழாவை மாசியிலிருந்து சித்திரைக்குத் திருமலை நாயக்கர் மாற்றினார் என்பார்கள். போர்டை மாற்ற மறந்துவிட்டார்!) அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரோட்டுக்கும் மாசம் உண்டு என்பது தெரியாமல் போனது.

பெரியவர் ஆள் அனுப்பினார். டிராக்டர் வந்தது. இரண்டு இடத்தில் எங்கள் கயிறு அறுந்தது. (துணி காயப்போடும் நைலான் கயிறு, வேறென்ன செய்யும்?) கடைசியில் டிராக்டர்காரரே தன் சங்கிலியைப் போட்டு இழுத்தார். கரை ஏறும்போது மணி எட்டு. டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெண்கலப் பானை திரும்பவும் மதுரைக்கே வந்து சேர்ந்தது. மகனின் தலையில் முடி அப்படியே இருந்தது.

* * *

இதை நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லோரும் சிரிக்க முடியவில்லை.

2024 ஜனவரியில் நம் கூடலூரில், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கர்நாடகக்காரர்களின் கார் ஒன்று, மேப் காட்டிய வழியே போய் படிக்கட்டில் இறங்கி நின்றது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து மீட்டார்கள். அது சிரிக்கிற கதை. அதே வருஷம் நவம்பரில், உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் எப்போதோ போய்விட்டிருந்தது. மேப்பைப் பார்த்து வந்தார்கள் என்று செய்தி. மேப்பில் பாலம் முழுசாக இருந்திருக்கும். தேதி பழசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

* * *

இந்தக் கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான். "சரி, அப்ப எதை வாங்கலாம்? தனி ஜி.பி.எஸ். மெஷினா, செல்போன் ஆப்பா?"

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். டவர் இல்லை என்றால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். தப்பு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நாலு செயற்கைக்கோள் கண்ணில் பட்டால் போதும், நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். 2000-ம் வருஷம் மே மாதம் வரை அமெரிக்கா இந்த சிக்னலில் வேண்டுமென்றே கலப்படம் செய்து, 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லை. திறந்த வெளியில் சாதாரண செல்போனே ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். டவர் போனால் போவது இடமல்ல, படம். 'இங்கே நிற்கிறாய்' என்று நீலப் புள்ளி இருக்கும். சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம்.

ஆகவே முதல் வேலை, வீட்டிலேயே வைஃபையில் படத்தை இறக்கி வைத்துக்கொள்வது. கூகுள் மேப்பில் வேண்டிய ஏரியாவை இறக்கி வைக்கலாம். டவர் இல்லாவிட்டாலும் வண்டிக்கு வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. அதற்கும் காலாவதி உண்டு, மருந்துச் சீட்டு மாதிரி அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

தார் ரோட்டை விட்டு இறங்குகிறவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் என்று இரண்டு ஆப் உண்டு. இரண்டுமே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொதுப் படத்தை வைத்து ஓடுகின்றன. 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. உலகம் பூராவும் தன்னார்வலர்கள் வரைவது. வண்டித் தடத்தைத் தார் ரோட்டிலிருந்து பிரித்து வரைவார்கள். தடம் கெட்டியா, சொதசொதவா என்று ஐந்து ரகம் பிரிக்கவும் அதில் இடம் உண்டு. யாராவது போய்ப் பார்த்து எழுதியிருந்தால்தான். எழுதாத கிராமத்தில் அதுவும் வெள்ளைத்தாள்தான். நீங்கள் போகும் பாதையை வழித்தடமாகப் பதிவு செய்து சேமிக்கவும் இந்த ஆப்களில் வசதி உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருகிறேன்.

தனி மெஷின்? கார்மின் இ-டிரெக்ஸ் மாதிரி கையடக்கமானவை உண்டு. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். மழையில் நனையலாம். வெயிலிலும் திரை தெரியும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஓரம் மாட்டிய செல்போன் சூடேறித் தானாக அணைந்துபோவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் விலை ஒரு நல்ல செல்போன் விலை. மாசக்கணக்கில் இமயமலைப் பக்கம் சுற்றுகிறவர் வாங்கலாம். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்கும் அழகர்மலை அடிவாரத்துக்கும் போகிறவருக்கு செல்போன், பவர் பேங்க், சிகரெட் லைட்டர் சார்ஜர் போதும்.

ஓர் எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளும் வெளிநாட்டில் கிடைக்கின்றன. அமெரிக்கா மச்சான் வாங்கி வந்தால் ஆசைப்படாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். சிக்னலைக் கேட்கலாம், பதில் பேசக்கூடாது. (கல்யாணமானவர்களுக்கு இது பழகிய விஷயம்.)

* * *

எந்தக் கருவி வாங்கினாலும் நம் பக்கத்தில் அதற்குத் தெரியாத சமாச்சாரங்கள் சில உண்டு.

கரிசல். காய்ந்தால் வெடித்துக் கிடக்கும். நனைந்தால் டயரின் பள்ளமெல்லாம் அப்பி, சக்கரத்தை மொழுமொழு உருண்டையாக்கிவிடும். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருந்தால், நாலும் சேர்ந்து புதையும்.

கண்மாய். கோடையில் எடுத்த படத்தில் அது மைதானம். சீமைக்கருவேலம் மூடியிருந்தால் சோலை.

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரி. ரோடு நேராகப் போகும், திடீரென்று பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். இருட்டில் அந்தப் பக்கம் தடம் பிடித்துப் போகவே கூடாது.

சாப்டூர்ப் பக்கம் மலை. மேப் கோடு காட்டும். ஆனால் அது 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்தால் புலி விட்டாலும் ரேஞ்சர் விடமாட்டார்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கிறது. வண்டிப்பாதை எது, ஓடை எது, கண்மாய் எது என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். நான் அதைப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஷார்ட் கட் முழுவதும் கண்மாய்க்குள் இருந்தது. நிஜமான வண்டிப்பாதை கரையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. 14 நிமிஷமில்லை, 25 நிமிஷம்.

அதெல்லாம் முடியாது என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். தண்ணீரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒரு கம்பை ஊன்றி நடந்து பாருங்கள். நடக்க முடியாத இடத்தில் வண்டியும் போகாது. பக்கத்தில் ஆள் இருந்தால் "இது எங்கே போகுது?" என்று கேட்காதீர்கள், "இப்பப் போகுமா?" என்று கேளுங்கள்.

* * *

மாசி சிவராத்திரிக்கு மறுபடி போனோம். மூன்றாவது பனை இல்லை. முதல் இரண்டும்கூட இல்லை, வெட்டிவிட்டார்கள். அம்மாதான் மடையைக் கண்டுபிடித்தாள். வேம்பு இருந்தது. கண்மாய் உள்வாய் காய்ந்து, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகனுக்கு மொட்டை ஆயிற்று.

தார் ரோட்டிலிருந்து கோயில் வாசல் வரை செல்போனில் வழித்தடத்தைப் பதிவு செய்தேன். மடை, வேம்பு, பெரியவர் வீடு எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி. பொதுப் படத்திலும் போய், அந்தக் கண்மாயைப் பருவத்துக்குப் பருவம் வற்றும் நீர்நிலை என்று திருத்தினேன். ஐந்தாவது வண்டிக்காரர் யாரோ, அவருக்கு உதவும். பங்காளி வீடுகள் அத்தனைக்கும் வழித்தடத்தை அனுப்பினேன். கோப்பின் பெயர், 'அப்பா வழி'. கீழே ஒரு குறிப்பு: 'மாசியில் உள்ளபடி.'

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உங்கப்பா இருந்தா, வேம்புக்கு முன்னாடியே திரும்பியிருப்பாரு" என்றாள். அதையும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது மச்சினன் உற்சாகமாகக் கேட்டான். "மாமா, எதுக்கும் தனி ஜி.பி.எஸ். மெஷின் ஒண்ணு வாங்கிரலாமா?"

1808-ல் லாம்டன் என்ற சர்வே துரை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல் அரை டன் எடையுள்ள அளவுக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அன்றைக்கு உலகத்திலேயே உசத்தியான கருவிகளில் அது ஒன்று. மட்டமானது கயிறுதான்.

"மாப்ள, முதல்ல நல்ல கயிறா ஒண்ணு வாங்கு" என்றேன்.